ஆறு பொழுதும் ஒரே ஊர்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஐந்திணைக்குப் பொழுது வகுத்த தமிழிலக்கணம் முல்லைக்குக் காரைத் தந்தது. குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் தந்தது. பாலைக்கு வேனிலையும் பின்பனியையும் தந்தது. மருதத்திற்கும் நெய்தலுக்கும் வந்தபோது மட்டும் கை சுருக்கவில்லை. இவ்விரு திணைக்கும் பெரும்பொழுதைத் தொல்காப்பியர் தனித்து ஓதாது விட்டார். ஆறு பெரும்பொழுதும் உரியவை எனப் பின்வந்த நம்பியகப்பொருள் வெளிப்படக் கூறிற்று. வயலும் கடலும் ஆண்டு முழுவதும் வேலை வாங்குபவை. அவற்றின் வாழ்வை ஒரு பருவத்துள் அடக்கிக் கூற இயலாது என்பது இவ்விதியின் உட்கிடை எனலாம்.

நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. ‘எல்’ என்பது ஞாயிறு. ‘பாடு’ என்பது அதன் மறைவைக் குறிக்குமா, தோற்றத்தைக் குறிக்குமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேலைக் கடற்கரையில் நிற்பவனுக்கு ஞாயிறு கடலில் விழும். கீழைக் கடற்கரையாகிய தூத்துக்குடியில் அது கடலினின்றும் எழுந்து, ஊருக்குப் பின்னே, உப்பளங்களுக்கும் பனைகளுக்கும் அப்பால் மறையும். அவ்வழக்கைத் தீர்ப்பது இவ்வுரையின் நோக்கமன்று. ஒளி எத்திசையிலிருந்து, எந்நேரத்தில் வருகிறது என்னும் வினாவை நெய்தல் இலக்கணம் தன்னகத்தே கொண்டுள்ளது. நிழற்படக் கலையின் முதல் வினாவும் அதுவே.

தான் நேசிக்கும் ஒரு பெருநகரைப் பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்தின் பொருட்டு, ஓராண்டு முழுவதும் நிழற்படம் எடுத்து வருவது என்னும் பழக்கமே இன்றைய பொருள். அதற்குரிய களமாக இங்கே எடுத்துக்கொள்ளப்படுவது தூத்துக்குடி. 1866இல் நகராட்சியாகி 2008இல் மாநகராட்சியான ஊர், 1906இல் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியைக் கண்ட ஊர். முத்தும் சங்கும் உப்பும் பஞ்சும் கடந்து சென்ற துறை. ஆனால் அவ்வூர் வெளியாரின் நினைவில் நிற்பதோ இரண்டு மூன்று படங்களாக மட்டுமே. ஓர் ஊருக்கு இது பெரிய இழப்பு என்பதும், அவ்விழப்பை ஈடுசெய்யப் பொழுதுபோக்காளர் ஒருவரால் இயலும் என்பதும் இவ்வுரையின் கருத்து.

முன்னே சென்றோர்

நிழற்படப் பழக்கம் தமிழகத்திற்குப் புதிதன்று. சென்னையில் நிழற்படச் சங்கம் 1856இலேயே தோன்றியது. அவ்வாண்டிலேயே லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரியைச் சென்னை மாகாண அரசு தன் நிழற்படக்காரராக அமர்த்தியது. 1857இன் இறுதியில் புறப்பட்ட அவர் திருவரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சை ஆகிய இடங்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி, 19 அடிக்கும் மேலான நீளமுடைய ஒரே படமாக அமைத்தார். ஒரே சுவரின் முன் மீண்டும் மீண்டும் கருவியை நிறுத்திய அப்பொறுமை போற்றத்தக்கது. எனினும் டிரைப் வந்தார், எடுத்தார், சென்றார். அவருடைய தொகுதிகளில் தூத்துக்குடிக்கு இடம் கிடைக்கவில்லை.

முத்துக் கடற்கரைக்கு அறிவியலாளர் வந்தனர். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு ஆகியவற்றைப் பற்றி 1890இல் நூலொன்று வெளியிட்டார். அவரே 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குலங்களையும் பற்றி ஏழு தொகுதிகளைப் படங்களுடன் வெளியிட்டார். மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளவெடுத்துக் குறித்த காலம் அது. அத்தகைய படங்களில் மனிதன் ஒரு வகைக்குச் சான்றாக நிற்கிறான். அவன் பெயர் இல்லை. அவன் வேலை நாள் இல்லை. தூத்துக்குடியில் முத்து, சங்குத் துறையின் பொறுப்பிலிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தியச் சங்கைப் பற்றி எழுதிய நூல் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுவது. அவருடைய நோக்கம் சங்கு, ஊர் அன்று.

விருப்பத்திற்காகவே படமெடுத்தவர்களுள் இன்று உலகறிந்த பெயர் விவியன் மேயர். அமெரிக்காவின் சிகாகோ நகரில் செல்வர் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியில் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் இருந்தவர் அவ்வம்மையார். ஓய்வு கிடைத்த போதெல்லாம் தெருக்களில் நடந்து படமெடுத்தார். எவருக்கும் காட்டவில்லை. 2007இல், வாடகை செலுத்தப்படாத அவருடைய பெட்டிகள் ஏலத்திற்கு வந்தபோதுதான் உள்ளே கிடந்தவை வெளிப்பட்டன. அவர் விட்டுச்சென்ற நெகட்டிவ்கள் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டவை. 2009இல் அவர் மறைந்தார்; அவர் பெயர் உலகெங்கும் பரவியது அதன் பின்னரே. புகழை எதிர்பாராத பழக்கம் ஒரு நகரத்தின் ஆவணமாக முடிந்ததற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

தமிழகத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அபுல் கலாம் ஆசாத் என்னும் நிழற்படக் கலைஞர் முன்னின்று நடத்திய ஏகலோகம் அறக்கட்டளை, 2010களின் நடுவில் திருவண்ணாமலையைப் பல கலைஞர்களைக் கொண்டு ஓராண்டு முழுவதும் படமெடுத்தது. முந்நூற்று அறுபத்தைந்து என்னும் எண்ணையே அத்திட்டம் பெயராகக் கொண்டது. தீபத் திருநாளன்று மட்டும் லட்சக்கணக்கான கருவிகள் நோக்கும் ஊருக்கு மற்ற நாள்களும் உண்டு என்பதை அம்முயற்சி நினைவூட்டியது.

எடுக்கப்படாத படங்கள்

தூத்துக்குடியின் கடலில் முத்துச்சிப்பி வாழும் பாறைத் திட்டுகளுக்குப் ‘பார்’ என்பது பெயர். தொல்லாயிரம் பார் அவற்றுள் புகழ் பெற்றது. முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததன்று. பார்களை முதலில் சோதிப்பர். சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து அகவையும் விளைவும் பார்ப்பர். விளைந்திருந்தால் மட்டுமே சலாபம் அறிவிக்கப்படும். பல ஆண்டுகள், சில சமயம் பல பத்தாண்டுகள், சோதனையோடு முடிந்துவிடும். 1955இல் தொடங்கிய சலாப வரிசை 1961இல் முடிந்தது. அதன்பின் இக்கடலில் பெரிய முத்துச் சலாபம் நடைபெறவில்லை. 1973இல் இங்குள்ள கடல்மீன் ஆராய்ச்சியாளர் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினர். எனினும் கல்லைக் காலில் கட்டிக் கயிற்றை நம்பி மூழ்கியவர்களின் காலம் மீளவில்லை.

பாய்த்தோணியின் நிலையும் இத்தகையதே. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்ற தோணிகளில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாய்கள் இறங்கின, எந்திரங்கள் ஏறின. பழைய துறைமுகத்தில் தோணி இன்னும் நிற்கிறது. பாய் விரிந்த தோணி வரிசை நினைவில் மட்டும் நிற்கிறது.

இம்மாற்றங்களை எழுத்து ஓரளவு காத்தது. உப்பளத் தொழிலாளர் நடுவே சென்று செய்தி திரட்டி ராஜம் கிருஷ்ணன் எழுதிய ‘கரிப்பு மணிகள்’ 1979இல் வெளிவந்தது. தோணித் தொழிலையும் பரதவர் வாழ்வையும் 1914 முதல் 2000 வரை விரித்துரைக்கும் ஜோ டி குருஸின் ‘கொற்கை’ 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. நாவலாசிரியர் செய்ததை நிழற்படம் அந்த அளவிற்குச் செய்ததாகக் கூற முடியாது. சலாபத்தைப் படமெடுக்க வந்தோர் சலாபம் முடிந்ததும் சென்றனர். தோணி பார்க்க வந்தோர் பாய் விரிந்த தோற்றத்தை எடுத்தனர். மழைக்காலத்தில் அத்தோணியைக் கரையில் எப்படி நிறுத்தினர், பாயை யார் தைத்தனர், கடல் அடைத்த மாதங்களில் அடுப்பு எப்படி எரிந்தது என்பவை வருகையாளரின் கருவிக்குச் சிக்குவன அல்ல. அவை ஊரிலேயே இருப்பவருக்கு மட்டும் கிடைப்பவை. ஊரிலிருப்பவரோ, அன்றாடம் காண்பதைப் படமெடுக்கத்தக்கதாக எண்ணுவதில்லை. இதுவே இழப்பின் வேர்.

ஆண்டின் வழியே

இனி, ஆறு பொழுதின் வழியே ஊரைக் காண்போம். சித்திரையிலிருந்தே தொடங்கலாம்.

இளவேனில். தூத்துக்குடி ஏறத்தாழ 8.8 பாகை வட அகலக்கோட்டில் அமைந்தது. எனவே ஏப்ரல் நடுவில், சித்திரைப் பிறப்பை ஒட்டி, நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். விளக்குக் கம்பத்திற்கு நிழல் இராது. நடப்பவனின் நிழல் அவன் காலடிக்குள் ஒடுங்கும். இந்நிழலற்ற நண்பகல் ஆகஸ்டு இறுதியில் மீண்டும் ஒருமுறை வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அதிகாலையில் புறப்பட்டு இரவில் திரும்பும் படகுகள் மீன்பிடித் துறைமுகத்தில் நெருக்கி நிற்கும். பலகை மாற்றுவோரும் வண்ணம் பூசுவோரும் வலை செப்பனிடுவோரும் கரையை நிறைப்பர். கடல் ஓய, கரை உழைக்கும் காலம் இது. சங்கரராமேசுவரர் கோயிலின் சித்திரைத் தேர் ஓடுவதும் இப்பொழுதிலேதான்.

முதுவேனில். கச்சான் வீசும், தெருவெங்கும் புழுதி. உப்பு விளைச்சல் முழு வேகத்தில் நடக்கும். ஜூலை 26இல் பனிமய மாதா பேராலயத்தில் கொடியேறி, ஆகஸ்டு 5இல் பெருவிழா நிகழும். 1713இல் எழுந்து 1982இல் பசிலிக்கா என்னும் பெருமை பெற்ற கோயில் அது. கோடையில் பனி பெய்ததாக உரோமையில் வழங்கும் மரபுக் கதையை ஒட்டி எழுந்த பெயர், புழுதிக் காற்று வீசும் ஆடி மாதத் தூத்துக்குடியில் ஒலிக்கும் அழகு தனியானது. 1806இல் முதன்முதல் ஓடிய பொற்றேர் எல்லா ஆண்டிலும் ஓடுவதில்லை. 2013இலும் 2023இலும் ஓடியது. அன்று எடுக்கப்பட்ட படங்களுக்குக் கணக்கில்லை. ஆண்டு முழுதும் படமெடுப்பவர் ஆகஸ்டு 6 காலையிலும் அத்தெருவுக்குச் செல்வார். கூட்டம் கலைந்த தெருவைப் பெருக்குவோர், கடைகளைப் பிரித்துக் கட்டுவோர், வாசலில் களைத்து உறங்குவோர் ஆகியோர் விழாவின் மறுபாதி.

கார். இலக்கணத்தில் இது மழைக்காலம், தூத்துக்குடியில் அவ்வாறன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துக்கொள்ள, ஆவணியிலும் புரட்டாசியிலும் முகில் மட்டும் ஊருக்கு மேல் கடந்து செல்லும். உப்பு வாருதல் நிற்பதில்லை. மலையில் பெய்த மழை தாமிரபரணி வழியாகவே இம்மாவட்டத்தை அடையும். நூலில் கற்ற பருவமும் ஊரில் நிலவும் பருவமும் வேறுபடும் இவ்விடம் கவிஞர் கருதத்தக்கது. குலசேகரன்பட்டினத் தசராவை முன்னிட்டு வேடம் பூண்ட பக்தர்கள் காளியாகவும் குறவராகவும் தெருக்களில் வந்து காணிக்கை பெறுவதும் இப்பொழுதின் காட்சி.

கூதிர். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கிய சில வாரங்களிலே பெய்துவிடும். மழைக்கு முன் உப்பு அம்பாரங்களை ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடுவர். நேற்றுவரை வெண்மையாய்க் கண்ணைக் கூசச்செய்த பாத்திகள் நீர்ப்பரப்பாகி வானத்தைக் காட்டும். வேலை நின்ற உப்பளம் படத்திற்கு அழகு. தொழிலாளர்க்கு வருவாய் அற்ற காலம். இவ்விரண்டையும் ஒரே படத்தில் சொல்ல இயலுமா என்பது கலைஞருக்கு ஆண்டுதோறும் வரும் தேர்வு.

முன்பனி. மார்கழியில் ஞாயிறு தென்கோடியில் எழும். கடற்கரைச் சாலையில் ஒரே இடத்தில் நின்று, ஆனி மாதத்தில் எழும் இடத்தையும் மார்கழியில் எழும் இடத்தையும் குறித்தால், அடிவானத்தில் அவற்றிடையே ஏறத்தாழ 47 பாகை இடைவெளி இருக்கும். ஆண்டு முழுதும் ஒரே இடத்துக்குத் திரும்பி வந்தவரே இதனைக் கண்ணால் அறிவர். ஒருநாள் வந்தவர் கிழக்கு என்று மட்டும் அறிவர். கிறித்துமசும் பொங்கலும் அடுத்தடுத்து வரும். நீர் நின்ற உப்பளங்களில் பூநாரைகள் இறங்கும். தை பிறந்ததும் வரப்புகளைச் செப்பனிடுவர்.

பின்பனி. மாசியிலும் பங்குனியிலும் கடல் அடங்கித் தெளியும். முற்காலத்துச் சலாபங்கள் பங்குனியை ஒட்டித் தொடங்கியமைக்கு இத்தெளிவே காரணம். பாத்திகளில் முதல் உப்பு கண் விழிக்கும். தோணிகளில் வெங்காயமும் காய்கறியும் கட்டடப் பொருள்களும் ஏறும். இத்துடன் சுழற்சி நிறைவுறும். ஆண்டின் முதற்படத்தையும் இறுதிப் படத்தையும் அருகருகே வைத்தால் இடம் ஒன்றே. பார்த்தவர் கண் முன்போல் இராது.

உப்பும் ஒளியும்

நிழற்படக் கலை உப்போடு பிறந்தது என்பதை இவ்வூரார் அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் ஃபாக்ஸ் டால்பட் 1839இல் உலகுக்கு அறிவித்த முறையில், தாளை முதலில் உப்பு நீரில் தோய்த்துப் பின் வெள்ளி நைட்ரேட்டைப் பூசுவர். தாளில் விளையும் வெள்ளிக் குளோரைடு ஒளிபட்டுக் கருக்கும். சிறிதளவு உப்பு தாளின் ஒளியுணர்வைக் கூட்டும். மிகுதியான உப்பு அதனைக் குறைக்கும் என்று கண்ட டால்பட், தோன்றிய உருவம் மேலும் கருகாமல் காக்கவும் கடும் உப்புக் கரைசலையே தொடக்கத்தில் பயன்படுத்தினார். உருவத்தைத் தோற்றுவித்ததும் உப்பு, நிலைநிறுத்தியதும் உப்பு.

அவ்வுப்பே இன்று கருவியை ஏமாற்றவும் செய்கிறது. கருவிக்குள் உள்ள ஒளிமானி தன் முன் உள்ள காட்சி எதுவாயினும் அதனை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடும். வெண்மணலையும் உப்பு அம்பாரத்தையும் அது சொல்லும் அளவுப்படி எடுத்தால் உப்பு சாம்பலாக வரும். அருகில் நிற்பவர் முகம் இருளில் மறையும். ஒளிமானி சொல்வதைவிட ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியைக் கூட்டினால் உப்பு வெள்ளையாகும், முகமும் தெளியும். முகத்தைக் கண்ட பின்னரே உப்பு யாருடைய உழைப்பு என்பது விளங்கும்.

பிறிதொரு வழியும் உண்டு. விடியுமுன் செல்வது. வெயிலுக்கு அஞ்சி உப்பளத்தில் வேலை இருளிலேயே தொடங்கிவிடும். ஞாயிறு எழும் நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும். சுற்றுலாப் பயணி படமெடுக்கும் காலை ஒளி, அங்கே உழைக்கும் பெண்ணுக்குக் காலை அன்று. வேலை நாளின் நடுப்பகுதி.

முகத்திற்கு உரியவர்

மன்னார் வளைகுடாக் கரையில் கடற்பாசி எடுக்கும் பெண்களை மு. பழனிகுமார் எடுத்த படங்கள் 2019இல் ‘பாரி’ என்னும் ஊரக இந்திய ஆவணகத்தில் வெளிவந்தன. தூத்துக்குடி உப்பளப் பெண்களையும் அவர் எடுத்துள்ளார். அப்படங்களில் இருப்போர் பெயருடையோர், பேச்சுடையோர். தர்ஸ்டன் காலத்துத் தொகுதிகளுக்கும் இவற்றிற்கும் இடையே உள்ள வேறுபாடு கருவியின் முன்னேற்றத்தால் மட்டும் வந்ததன்று. எடுப்பவர் எத்தனை முறை திரும்பி வந்தார் என்பதாலும் வந்தது.

பொழுதுபோக்காகப் படமெடுப்பவருக்கும் இவ்வறம் உரியது. திரேஸ்புரத்தில் வலை இழுப்பவரையோ சங்கு குளித்துக் கரையேறுபவரையோ எடுக்கும்முன் கேட்டல் வேண்டும். எடுத்த படத்தை அச்சிட்டு அவர் கையில் சேர்த்தல் வேண்டும். முதல் படியைப் பெற்றவர் இரண்டாம் முறை வந்தவரை வேற்றாளாக எண்ணார். எடுக்க வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், கருவியைத் தாழ்த்துவதே முறை. ஆண்டு முழுதும் அவ்வூரிலே நடக்கவேண்டியவர் ஒரு படத்திற்காக ஒரு தெருவை இழக்கலாகாது.

துறைமுக எல்லைக்குள் இசைவின்றிப் படமெடுத்தல் கூடாது. தீவுகளில் இறங்கவும் வனத்துறையின் இசைவு வேண்டும். எனினும் வெளியிலிருந்தே காணத்தக்கவை பல. 1974இல் பெருந்துறைமுகமாகி 2011 முதல் வ.உ.சி. பெயர் தாங்கும் துறைமுகத்தை நோக்கி, காற்றாலையின் நீண்ட இறக்கைகளை ஏற்றிய வண்டிகள் ஊர்ந்து செல்லும். ஒரு தெருத் திருப்பத்தைக் கடக்கக் கால் மணி நேரம் ஆனாலும் வியப்பில்லை. கப்பலைக் காணாமலே துறைமுக நகரை அறிவிக்கும் காட்சி அது.

ஒரு நாளும் ஓர் ஆண்டும்

2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தபோது நாடே தூத்துக்குடியின் படங்களைக் கண்டது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெருமழை கொட்டி, காயல்பட்டினத்தில் 90 செ.மீ.க்கும் மேல் பதிவானபோது மீண்டும் கண்டது. அப்படங்கள் தேவையானவை. அவற்றை எடுத்த செய்தியாளரின் பணி மதிக்கத்தக்கது. ஆயினும் துயர நாளின் படம் தனித்து நிற்கையில் ஊர் துயரமாகவே நினைவில் பதியும். நீர் சூழ்ந்த தெருவின் படத்திற்குப் பக்கத்தில், அதே தெருவில் வெயிற்கால மாலையில் சிறுவர் விளையாடிய படம் இருந்தால்தான், வெள்ளம் எதனை மூழ்கடித்தது என்பது விளங்கும். முன்னது இல்லாமல் பின்னதன் கொடுமை அளவிடப்படாது.

நிலமே மாறும் இடத்தில் இவ்வுண்மை இன்னும் கூர்மையடையும். 1986இல் மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தபோது எண்ணப்பட்ட தீவுகள் 21. அவற்றுள் தூத்துக்குடிக்கு அருகிலிருந்த விலங்குசல்லியும் கீழக்கரைப் பகுதியின் பூவரசன்பட்டியும் நீரில் மூழ்கிவிட்டன. வான் தீவு அலையரிப்பால் பெரிதும் சுருங்கியதால், அதனைக் காக்க 2015 முதல் செயற்கைப் பவளத்திட்டுக் கட்டமைப்புகள் கடலில் இறக்கப்பட்டன. ஒரே இடத்திலிருந்து ஆண்டுதோறும் எடுக்கப்பட்ட கரையின் எளிய படம், அளவையாளரின் வரைபடத்தோடு சேர்த்து வைக்கத்தக்க சான்று. எடுத்தவர் அதனை மாலை உலாவின் நினைவாக எடுத்திருக்கலாம். காலம் அதனை ஆவணமாக்கும்.

ஆனால் ஆவணமாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. விவியன் மேயரின் படங்களில் பலவற்றுக்குக் குறிப்பில்லை. இன்று ஆய்வாளர் தெருவையும் ஆளையும் தேடி அலைகின்றனர். எனவே படத்தின் பின்னே நாள், நேரம், இடம், காற்று, கடலின் நிலை ஆகியவற்றை ஒரு வரியில் எழுதிவைத்தல் வேண்டும். இன்றைய படங்கள் தாளில் இல்லை. கைப்பேசியிலும் கணிப்பொறித் தட்டிலும் உள்ளன. கருவி பழுதுபட்டால் பத்தாண்டுகள் ஒரே நாளில் மறையும். வேறுவேறிடங்களில் படிகள் வைப்பதும், மாதத்திற்கு ஒன்றாகப் பன்னிரண்டு படங்களையேனும் நல்ல தாளில் அச்சிடுவதும் கட்டாயம். உப்புக்காற்று வீசும் ஊரில் தாளுக்கும் லென்ஸுக்கும் ஈரம் பகை என்பதும் மறக்கலாகாது.

கவிஞர் அவைக்கு ஒரு வேண்டுகோள்

நெய்தலைப் பாடும் புதுக்கவிதைகளில் அலையும் நிலவும் வலையும் குறைவின்றி வருகின்றன. தடைக்காலத்துக் கரையும், மூடிய அம்பாரமும், ஆகஸ்டு 6இன் தெருவும், காற்றாலை இறக்கை திரும்பும் முனையும் அரிதாகவே வருகின்றன. கண் பழகாத இடத்தில் சொல் பிறப்பதில்லை. கருவியைக் கையிலெடுத்து மாதம் ஒருமுறை ஒரே முனையில் நிற்கும் பழக்கம் கவிஞரின் கண்ணையும் பழக்கும். பார்களைச் சோதித்தவர்கள் பெரும்பாலான ஆண்டுகளில் வெறுங்கையோடு திரும்பினர். சோதிப்பதை அவர்கள் நிறுத்தியிருந்தால், விளைந்த ஆண்டை எவரும் அறிந்திரார்.

பத்தாண்டு கண்ட இவ்வட்டம் பதினோராம் ஆண்டில் இதனை ஒரு பணியாக மேற்கொள்ளலாம். பன்னிரண்டு உறுப்பினர் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்துகொள்ளட்டும்: பழைய துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், திரேஸ்புரம், ரோச் பூங்கா, கிரேட் காட்டன் ரோடு, இரயில் நிலையம், ஓர் உப்பளம், ஒரு பள்ளி வாசல், ஒரு மக்ரூன் கடை என்றவாறு. ஒவ்வொருவரும் தம் இடத்தைச் சித்திரை முதல் பங்குனி வரை மாதம் ஒரு படமாக எடுத்தால், ஆண்டின் முடிவில் 144 படங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றின் கீழும் நான்கு வரிக் குறிப்பு போதும். பாட்டு வந்தால் பாட்டு. இதற்கு உயர்ந்த கருவி வேண்டுவதில்லை. திரும்பி வரும் கால் வேண்டும்.

1961இல் கடைசிச் சலாபம் முடிந்து கரையேறியவர்கள், தாங்கள் கடைசியாகக் கரையேறுகிறோம் என்று அறிந்திருக்கவில்லை. இன்றும் தூத்துக்குடியில் எந்தத் தொழிலுக்கு, எந்தத் தெருவுக்கு, எந்தக் கரைக்கு இது கடைசி ஆண்டு என்பதை எவரும் அறியார். ஆதலால் எல்லா நாளும் படமெடுக்கத்தக்க நாளே. நெய்தலுக்கு ஆறு பொழுதும் உரியவை என்று நம் முன்னோர் விதித்ததை இக்காலத்திற்கேற்ப நிறைவேற்றும் வழி இதுவெனக் கொள்ளலாம்.